உங்கள் பைக்குள் இருந்த கழுத்துவார்

அண்ணை,

இன்று காலை கிடங்குக்குப் புதுச் சரக்கு வந்தது. பெட்டியை வெட்டியதும் ரப்பர் மணம் மூக்கில் அடித்தது. வேட்டை நாய்களுக்குப் பூட்டும் ரேடியோ கழுத்துவார்கள். முன்பு தோளில் மாட்டித் திரிய வேண்டியிருந்த ரிசீவர் இப்போது கோட்டுப் பைக்குள் அடங்குகிறது. நீங்கள் இருந்திருந்தால் இதையும் சந்தேகமாகத்தான் பார்த்திருப்பீர்கள்.

எண்பதுகளின் நடுவில், லண்டன் டூட்டிங்கில் ஒரே அறையில் இருந்துகொண்டு, நாமிருவரும் இங்கேதான் பெட்டி கட்டினோம். ஊதுகொம்புகள், தோல் சாட்டைகள், மெழுகு பூசிய கோட்டுகள் எல்லாம் நம் கை வழியாகத்தான் வேட்டைக்காரர்களுக்குப் போயின. நீங்களோ வன்னிக் காட்டில் ஐந்து நாய்களோடு பன்றி வேட்டைக்குப் போனவர். கையில் ஈட்டி, இடுப்பில் கத்தி. அவ்வளவுதான் உங்கள் சாமான். யாழ்ப்பாண டவுனில் வளர்ந்த நான் உங்கள் கதைகளைப் பாதிதான் நம்பினேன்.

முதல் ரேடியோ வார் வந்த அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"உது நாய்க்கோ, ஆளுக்கோ?"

"நாய்க்குத்தான் அண்ணை. எங்க நிக்குதெண்டு காட்டும்."

"குரைக்கிறதைக் கேட்டாத் தெரியாதோ? பண்டியெண்டா ஒரு மாதிரிக் குரைக்கும், உடும்பெண்டா இன்னொரு மாதிரி. நாயை நம்பாதவன்தான் உதைப் பூட்டுவான்."

ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். "சண்டை துவங்கினாப் பிறகு காட்டுக்குள்ள போறவனை எல்லாரும் சந்தேகப்பட்டாங்கள் தம்பி. ஈட்டியை வைச்சிட்டு வெளிக்கிட்டன்" என்றீர்கள்.

பிறகு ஒரு கிழமை, அந்த வார்களில் ஒன்று காணாமல் போனது. கிடங்கின் சரக்கறைச் சாவி நம் இருவரிடம் மட்டுமே இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் இருவருக்கும் வேலை இல்லை என்றார் மேனேஜர். என் அகதி வழக்கு முடிவாகாத காலம் அது. உங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். ஓயாமல் கதைக்கிற நீங்கள் வாயே திறக்கவில்லை. பையைக் கட்டிலுக்கு அடியில் சுவரோடு தள்ளி வைத்தீர்கள். போதாதா எனக்கு?

வியாழக்கிழமை மாலை நீங்கள் குளிக்கப் போனதும் பையை இழுத்தேன். ஸ்வெட்டருக்கு அடியில் ஒரு வார் கையில் பட்டது. பக்கிளும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நொடியில் எனக்குச் சந்தோஷம். வெளியே எடுத்தேன். கையால் தைத்த பழைய மாட்டுத்தோல் வார். தையலுக்குள் செம்மஞ்சள் மயிர் சிக்கியிருந்தது.

துவாயைத் தோளில் போட்டபடி வாசலில் நின்றீர்கள்.

"அது என்ர நாய் வீமன்ர. பண்டி கிழிச்சுச் செத்தது."

வாரை அவசரமாகப் பைக்குள் திணிக்கப் போனேன்.

"ரேடியோவையோ தேடினனி?"

"ஓம் அண்ணை."

"அதில இல்லை. வாரை மடியாமல் வை."

மறுநாள் காலைத் தபாலில் அந்த ரேடியோ வார் திரும்பி வந்தது. ஒரு கடைக்காரருக்குப் பரீட்சித்துப் பார்க்கக் கொடுத்ததை மேனேஜரே மறந்துபோனாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். நமது வேலை தப்பியது.

ஆனால் அடுத்த நாளிலிருந்து, வீட்டை விட்டு வெளிக்கிடும் முன் உங்கள் பையை என் முன்னால் மேசையில் திறந்து வைத்தீர்கள். சாப்பாட்டுப் பெட்டி, ஸ்வெட்டர், வீமனின் வார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, திரும்ப வைத்தீர்கள். "பாத்திட்டியோ? வா, பஸ் போகப்போகுது." குரலில் கோபமே இருக்காது. ஒரு கிழமையில் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் இருந்த மகள் வீட்டுக்கு நீங்கள் போகும்வரை, வருடக்கணக்காக, ஒரு நாளும் விடவில்லை. "வேண்டாம் அண்ணை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் செத்தவீட்டில் மகள் என் கையைப் பிடித்து, "அப்பா உங்களைப் பற்றி அடிக்கடி கதைப்பார்" என்றாள். என்ன கதைத்தார் என்று கேட்கப் பயந்து வந்துவிட்டேன்.

இப்போது நான் இங்கே சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் என்னிடம் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்பது விதி. "தேவையில்லை, மூடுங்கோ" என்று எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் அண்ணை, வாய் அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் கண் பைக்குள் போய் வந்துவிடுகிறது.