வைதேகியின் இடது முழங்கால்

ரெய்க்யாவிக், ஐஸ்லாந்து
15 ஜூன் 2025

அன்புள்ள வைதேகிக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, இனி எதுவானாலும் எழுத்தில் என்று சொல்லியிருந்தாய். அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நம் இருபத்தைந்தாம் திருமண நாளுக்கென்று நான் பதிவுசெய்து, முதலில் கோவிட், பிறகு உன் அண்ணன் என்று தள்ளிப்போன அதே சுற்றுலாவுக்குத்தான் வந்திருக்கிறேன். நீ அனுப்பிய விவாகரத்துக் கூட்டு விண்ணப்பம் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. திரும்பி வந்து பார்க்கலாம்.

இருபத்துநான்கு பேர், எல்லோரும் மெல்பர்ன், சிட்னித் தமிழர்கள். சமையலுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒருவரையும் கூட்டி வந்திருக்கிறார்கள். எட்டு டிகிரிக் குளிரில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டு ரசம் வைக்கிறார். இந்த ஊரில் தரைக்குள் சட்டியைப் புதைத்து, பூமியின் சூட்டிலேயே ரொட்டி சுடுகிறார்கள். அந்தக் குழியில் இட்லி வைக்கலாமா என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டார். அவள் தீவிரமாக யோசித்துவிட்டு, "எவ்வளவு நேரம் வேக வேண்டும்?" என்றாள்.

ஒரு சங்கடம். பட்டியலிலிருந்து உன் பெயரை நான் எடுக்கவில்லை. விமான நிலையத்தில் மேலாளர் பிரதீப்குமார் எல்லோர் முன்னாலும், "வைதேகி மேடம் எங்க சார்?" என்று கேட்டார். அத்தனை பேரும் ஜோடிஜோடியாக நின்றிருந்தார்கள். முழங்கால் அறுவைச் சிகிச்சை என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும், நீயே சொல். இப்போது பஸ்ஸில் தலை எண்ணும்போதெல்லாம் அவர், "இருபத்திமூணு, வைதேகி மேடம் போக" என்று முடிக்கிறார். உன் இருக்கையில் புளியோதரைப் பாத்திரம் உட்கார்ந்து வருகிறது.

இன்று எரிமலைக் குழம்பு வந்து நின்ற ஒரு மீனவ ஊரைப் பார்த்தோம். ஜன்னல்களில் திரைச்சீலைகூட அப்படியே இருக்கிறது, ஆள்தான் இல்லை. கிரெய்கிபர்னிலிருந்து வந்திருக்கும் தாட்சாயினி என்ற ஈழத்து நர்ஸ், "எங்கட ஊரும் இப்பிடித்தான் கிடந்தது" என்று மட்டும் சொன்னாள். யாரும் படம் எடுக்கவில்லை. எனக்கு நம் வீடு ஞாபகம் வந்தது என்று எழுதினால் நாடகம் என்பாய். எழுதவில்லை.

வெங்கட்ராமன்


டார்னெய்ட், மெல்பர்ன்
17 ஜூன் 2025

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குளிருக்கு அந்தப் பழைய பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். உள்ளே இன்னொன்று போடுங்கள்.

உங்கள் வசதிக்கு என் முழங்காலை அறுத்துவிட்டீர்கள். கேட்டிருந்தால் ஜலதோஷத்துக்கு ஒத்துக்கொண்டிருப்பேன்.

தள்ளிப்போனதற்கு அண்ணன் காரணமில்லை. மகள் ஸ்ருதி கல்யாணத்துக்கு அண்ணன் சிட்னியிலிருந்து மெல்பர்ன் வந்து, கிரெய்கிபர்னில் நண்பர் வீட்டுக்குத் தாம்பாளத்தோடு போய் அழைத்தார், தங்கை வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார் என்பதுதானே உங்கள் வழக்கு? அன்று காலை அவர் மூன்று தடவை உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் போனைக் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல்யாணத்துக்கு நான் மட்டும் போய் வந்தேன். அதற்கு நாற்பத்தொரு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மேசையில் எதிரே உட்கார்ந்து, உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்துபோய் எடுத்தீர்கள்.

நான் கிளம்பியது கோபத்தில் இல்லை. நாற்பத்திரண்டாம் நாள் நீங்கள் பேசிவிடுவீர்களோ, நானும் எல்லாவற்றையும் மறந்துவிடுவேனோ என்று பயந்து கிளம்பினேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

வைதேகி


வீக், ஐஸ்லாந்து
19 ஜூன் 2025

அன்புள்ள வைதேகிக்கு,

மூன்று தடவை கூப்பிட்டாராம். நான்காவது தடவை கூப்பிட விரல் வலித்ததோ? கிரெய்கிபர்ன் வரை வந்த காருக்கு கிளென் வேவர்லியில் நம் வீட்டுக்கு வழி தெரியாதா? சரி, விடுகிறேன். இன்று அதை எழுத உட்காரவில்லை.

இங்கே மணல் கறுப்பு. கரி மாதிரி இல்லை, ஈரமான சிலேட்டுப் பலகை மாதிரி. அலை திடீரென்று ஏறி ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுமாம். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள் என்று வழிகாட்டி நாலு தடவை சொன்னாள். நம் ஆட்கள் அத்தனை பேரும் முதுகைக் காட்டி வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என்னை எடுக்க ஆளில்லாததால் நான் ஒருவன்தான் சொன்னபடி கடலைப் பார்த்து நின்றேன்.

தாட்சாயினி பக்கத்தில் வந்தாள். "அண்ணா, அக்காவுக்கு எந்தக் கால்?"

"இடது."

"நேற்று வலது எண்டல்லோ சொன்னனீங்கள்?"

"ரெண்டும்தான். இடதுல ஜாஸ்தி."

"ரெண்டையும் ஒரே நாளில செய்தவையே! பாவம் அந்த மனுசி. நம்பரைத் தாங்கோ, நான் கதைக்கிறன்."

தெரியாத எண்ணை நீ எடுக்க மாட்டாய் என்ற தைரியத்தில் கொடுத்தேன். நீ எடுத்துவிட்டாய். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்து போவதைப் பார்த்தபடி நின்றேன். அந்த அலை என்னை இழுத்துக்கொண்டு போனால்கூடத் தேவலை என்று தோன்றியது. பத்து நிமிடம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். "அக்கா நல்லாக் கதைச்சவ. இடதுதானாம், வலதில லேசான நோவுதானாம். கோல் பிடிச்சு நடக்கிறாவாம். நீங்கள் குளிருக்குள்ள ஸ்வெட்டர் இல்லாமல் திரிஞ்சால் ஏசச் சொன்னவ."

வைதேகி, இரண்டு வருடமாக எனக்கு யாரும் ஒன்றும் செய்ததில்லை. வேலையில் என்னைவிடச் சின்னவனை மேலே ஏற்றினார்கள். நம் பையன் சஞ்சய் மாதம் ஒரு தடவை, காலண்டரைப் பார்த்துக் கூப்பிடுகிறான். நீ எனக்காக ஒரு பொய் சொன்னாய். அதற்குப் பொருள் இல்லாமல் போகாது.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி கிளென் வேவர்லியில் குழுவினர் எல்லோரும் கூடிச் சாப்பிடப் போகிறோம். எல்லோரும் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு மணி நேரம் வா. பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து ஒரு காபி குடிக்கலாம். அந்த விண்ணப்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
வெங்கட்


டார்னெய்ட்
21 ஜூன் 2025

உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதி அழித்தேன். கடுமையாக எழுத எனக்கு வருவதில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

அந்தப் பெண்ணின் குரலில் அவ்வளவு அக்கறை இருந்தது. ஆஸ்பத்திரி லேபில் வேலை முடிந்து, நான் அப்போது நல்ல காலோடு ஸ்டேஷன் படியேறிக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொன்னால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உங்கள் முகம் என்னாகும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்கம்பக்கத்தில், உங்கள் ஆபீஸில், சஞ்சயிடம், "அவருக்குத் தலைவலி, அவருக்கு வேலை அதிகம்" என்று இருபத்தைந்து வருடம் சொன்ன வாய்தானே. பழக்கம். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால் தப்பு என்னுடையது, மன்னிக்கவும்.

போனை வைத்த பிறகு ஸ்டேஷனிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு ரயில் போனது. இங்கே இந்தச் சின்ன வீட்டில் யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டியதில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி நான் வர மாட்டேன். காபிக்கும் வர மாட்டேன். அவர்களிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஸ்வெட்டர் விஷயம் மட்டும் நிஜமாகச் சொன்னது.

வைதேகி


கிளென் வேவர்லி
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வைதேகிக்கு,

நேற்று கூட்டத்துக்குப் போனேன். போவதற்கு முன் காலையில் கிரெய்கிபர்னுக்குப் போய் தாட்சாயினியைப் பார்த்தேன். விண்ணப்பத்தோடு சேரும் பிரமாணப் பத்திரத்தில் சாட்சி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா? அவள் ஜே.பி.யும்கூட, இந்த மாதிரிக் காகிதங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அரசு அனுமதித்தவள். அந்தப் பக்கத்துத் தமிழர்கள் பாதிப் பேருடைய காகிதங்களில் அவள் முத்திரைதான் இருக்கும் போலிருக்கிறது. முன்பின் தெரியாத வக்கீலிடம் போயிருக்கலாம். ஆனால் மாலை கூட்டத்தில் நான் இன்னொரு பொய் சொல்ல முடியாதபடி அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

தலைப்பைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். "அண்ணா, இது..."

"ஆமா."

"அப்ப அண்டைக்கு என்னோட கதைச்சது?"

"அவதான். என் மானத்துக்காகச் சொன்னது. கால்ல ஒண்ணும் இல்ல."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு, "பாஸ்போர்ட் கொண்டந்தனீங்களோ?" என்று கேட்டாள். கொடுத்தேன். போட்டோவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். நான்தான் என்று உறுதி செய்துகொண்டு முத்திரை குத்தினாள். காகிதங்களை நாளை காலை உனக்கு அனுப்பிவிடுவேன். பதிவுத் தபால், எண்ணைத் தனியாக அனுப்புகிறேன்.

மாலையில் பிரதீப்குமார், "மேடம் வரலியா சார்?" என்று ஆரம்பித்தார். "நாங்க பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றேன். நான்கைந்து பேர் தட்டைப் பார்த்தார்கள். கோபாலகிருஷ்ணன் மட்டும், "சார், வடை சூடா இருக்கு" என்று இரண்டை வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டேன்.

உன் அண்ணன் சேஷாத்ரியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். அந்த நாற்பத்தொரு நாளில் என் கோபம் ஒன்பதாம் நாளே தீர்ந்துவிட்டது. அன்று காலை நீ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். பேச வந்தேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். மீதி முப்பத்திரண்டு நாளும் அதேதான். ஒவ்வொரு நாளும் வாசல்வரை வந்தேன்.

நீ அதைத் தண்டனை என்றே நினைத்திருக்கிறாய். நினைக்கட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். பேசத் தெரியாதவன் என்பதைவிடக் கொடியவன் என்பது எனக்குக் கௌரவமாக இருந்தது.

பதில் எழுத வேண்டியதில்லை.

வெங்கட்ராமன்