அரும்புப் பாயில் ஒரு மூன்றாம் வகுப்புக்காரி

ஜூலை 14, திங்கள்

சாரல். வாசல் தெளிக்கும் வேலை மிச்சம். மேலகரம் தொடக்கப் பள்ளியில் இன்று பொறுப்பேற்பு. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளின் ஆசிரியை பிரசவ விடுப்பில். தலைமையாசிரியை (இனி த.ஆ.) போன வாரம் வீட்டுக்கே வந்தார். "ஒரு மாசம் மட்டும் டீச்சர். அதுக்குள்ள நிர்வாகத்துல ஆள் போட்டுருவாங்க." வேறு யாரும் கிடைக்காமல்தான் எழுபத்தொரு வயதுக்காரியைத் தேடி வந்திருந்தார். அதை மறைக்கவும் இல்லை. அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

முதுகலைப் பட்டமும் முப்பத்து நான்கு ஆண்டு மேல்நிலைப் பள்ளி அனுபவமும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கைத் துடைக்க உதவுவதில்லை. முற்பகல் பத்தரைக்கே தெளிவாயிற்று.

அறை ஒன்று. வகுப்பு மூன்று. பதிவேட்டில் முப்பத்தொரு பேர், வந்தவர் இருபத்திரண்டு. மீதிப் பேர் குற்றாலத்தில், பெற்றோரின் கடைகளில். "சீசன்ல அப்படித்தான் டீச்சர்," என்றார் த.ஆ., வானிலை அறிக்கை வாசிப்பவர் போல.

தரையில் மூன்று பாய்கள். வகுப்பைப் பார்த்து அல்ல, வாசிப்பைப் பார்த்து. எழுத்துக் கூட்டவும் தெரியாதவர் அரும்பு. தட்டுத் தடுமாறி வாசிப்பவர் மொட்டு. தடையின்றி வாசிப்பவர் மலர். மொட்டில் இருப்பவர்கள் மலரைப் பார்க்கும் பார்வையில் தோட்டம் எதுவும் தெரியவில்லை.

அலமாரியில் கண்டவை:
– சென்ற ஆண்டுப் பயிற்சி நூல்கள், ஒரு சாக்கு
– சாக்பீஸ் துண்டுகள், ஒரு பாட்டில் நிறைய
– வட துருவம் நசுங்கிய உலக உருண்டை
– மணிச்சட்டம், மணிகள் இன்றி
– ஒற்றைச் செருப்பு
– பல்லி முட்டை இரண்டு, அவற்றின் தாய்

சாரல் நாளில் சீருடை காய்வதில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துகிறார்கள் போலும். இருபத்திரண்டு பேர் மேலும் புகை மணம். என் சேலையிலும் இப்போது.

ஜூலை 15, செவ்வாய்

தூறல். ஒழுங்குபடுத்தும் நாள்.

அலமாரியை நகர்த்தச் சத்துணவு சமைக்கும் முப்பிடாதியை அழைத்தேன். "டீச்சரம்மா, நான் இங்கன வேலைக்கு வந்த நாள்லருந்து இந்த பீரோ இதே எடத்துலதான் நிக்கி. இத நகத்துனா சாரல் நின்னுரும், பாத்துக்கிடுங்க." நகர்த்தினோம். சாரல் நிற்கவில்லை. சுவரில் அலமாரி அளவுக்கு வேறு நிறம்.

செய்தவை: பாய்களை வகுப்புவாரியாக மாற்றினேன், வாசிப்புக்கு மட்டும் நிலைவாரிக் குழு. நோட்டுகளுக்குத் தனித் தட்டு, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நிற நூல் கட்டி. குடைகள் வாசலுக்கு வெளியே. சாக்பீஸ் துண்டுகளில் எழுதக்கூடியவை இந்தப் பக்கம், எறிவதற்கு மட்டும் ஏற்றவை அந்தப் பக்கம். ஒற்றைச் செருப்புக்கு உரிமை கோர ஒருவரும் இல்லை.

நிலைப் பதிவேடு பார்த்தேன். இசக்கியம்மாள், மூன்றாம் வகுப்பு, நிலை: அரும்பு. "எழுத்துகள் சில. எண்கள் 20 வரை." நேற்றே கவனித்த பிள்ளைதான். ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகளின் நடுவே முழங்காலை மடக்கி இடம் போதாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தங்கை மாரிச்செல்வி, ஒன்றாம் வகுப்பு.

இசக்கியை மூன்றாம் வகுப்புப் பாய்க்கு அனுப்பினேன். கரும்பலகையில் நான் எழுதி முடிப்பதற்குள் தங்கையிடம் திரும்பியிருந்தாள். மீண்டும் அனுப்பினேன். மீண்டும். மூன்றாம் முறை விசாரித்தேன்.

"உன் பாய் எது?"

"அது டீச்சர்."

"அது எங்க இருக்கு?"

"அங்கன."

"பின்ன இங்க என்ன செய்ற?"

இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு குரல் உதவிக்கு வந்தது: "டீச்சர், அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அவ எப்பவும் அரும்புதான்." சிரிப்பு. இசக்கியின் முகத்தில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றும் தெரியாத பிள்ளைக்கும் கோபம் வரும்.

த.ஆ.விடம் கேட்டேன். அம்மா பேச்சியம்மாள் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிறாள். காலை ஐந்து மணிக்கே போய்விடுவாள். அப்பா புளியறைப் பக்கம் லாரியில், வரும்போது வருவார். தங்கையைக் குளிப்பாட்டிக் கூட்டி வருபவள் இசக்கி. "பாவம், படிப்புத்தான் ஏறல," என்றார்.

முழங்கால் வலி. தைலம்.

ஜூலை 16, புதன்

பெருமழை. பேரருவியில் குளிக்கத் தடை. ஆகவே கடைகள் மூடல். ஆகவே வருகை இருபத்தேழு. வெள்ளம் கல்விக்கு உதவுகிறது.

மதிய உணவுக்குப் பின் குழாயடியில் கூச்சல் கேட்டுப் போனேன். கூச்சல் வேறு இடத்தில். குழாய்க்குப் பின்னால் இசக்கி, ஒரு மருந்துப் புட்டியின் மூடியில் அளந்து தங்கைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் புட்டி பாவாடை மடிப்புக்குள் போயிற்று. வாங்கிப் பார்த்தேன். மருந்துக் கடையில் தமிழில் எழுதி ஒட்டிய சீட்டு.

"என்ன மருந்து?"

"இருமலுக்கு டீச்சர்."

"அளவு உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுல போட்டுருக்குல்லா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. புட்டியை நீட்டினேன். வாசித்தாள். 'மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து மில்லி. நன்றாகக் குலுக்கவும். ஒரு வேளையும் தவறக் கூடாது.' எங்கும் நிற்கவில்லை. மலர்க் குழுவில் இருப்பவர்களில் இருவர் 'குலுக்கவும்' என்ற சொல்லில் மூச்சு வாங்குவார்கள்.

"வாசிக்கத் தெரிஞ்சவ எதுக்கு அரும்புல இருக்க?"

"வாசிச்சா மலர்ல போட்டுருவாங்க டீச்சர். மாரிக்கு வலிப்பு வரும். வந்துட்டுன்னா, நான் அங்கனருந்து வாரதுக்குள்ள தலைய இடிச்சிருவா."

மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போன ஆண்டு மாரியை ஒரு மழலையர் பள்ளியில் விட்டிருக்கிறார்கள். ஒரு முறை வலிப்பு வந்ததும் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அதனால் இங்கே சொல்லாமல் சேர்த்திருக்கிறாள் அம்மா. வீட்டில் மாரியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மாரி நின்றால் இசக்கியும் நிற்பாள்.

"ஹெச்.எம். டீச்சர்ட்ட சொல்லிராதீங்க டீச்சர். ரெண்டு பேரையும் போச் சொல்லிருவாங்க."

மாரி இதற்கிடையே மூடியை நக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு தீர்மானங்கள் எடுத்தேன். ஒன்று: வாசிக்கத் தெரிந்த பிள்ளை அவள் வகுப்பில்தான் உட்கார வேண்டும். இரு பாய்களுக்கும் இடையே நடந்து பார்த்தேன், ஏழு தப்படி. ஓடி வரக்கூடிய தூரம். இரண்டு: த.ஆ.விடம் நாளை மாலை, பிள்ளைகள் போன பிறகு நிதானமாகச் சொல்லலாம்.

ஜூலை 17, வியாழன்

இரண்டு தீர்மானங்களும் தவறு.

பதினொன்றே கால் அளவில். ஒன்றாம் வகுப்புக்குப் பட அட்டை காட்டிக்கொண்டிருந்தேன். மாரி பக்கவாட்டில் சாய்ந்தாள்; தலை பாய்க்கு வெளியே சிமெண்டுத் தரையில். இசக்கி ஓடி வந்துவிட்டாள், ஆனால் ஏழு தப்படி தாமதம். நெற்றியில் வீக்கம், உதட்டில் இரத்தம்.

பிள்ளைகள் கத்தியதில் த.ஆ. பீரோச் சாவிக் கொத்துடன் ஓடி வந்தார். பின்னாலேயே முப்பிடாதி, கரண்டியுடன்.

"கையப் பிரிங்க, கையப் பிரிங்க. இரும்பக் குடுங்க."

"டீச்சர், சாவி பித்தள. பித்தளைக்கு நிக்காது. இந்தா, கரண்டிய வெச்சு அமுக்குங்க."

"பித்தள ரெண்டுதான், மத்ததெல்லாம் இரும்பு."

அந்தக் குழந்தையின் தலைமாட்டில் உலோகம் பற்றிய விவாதம். இசக்கி இருவரையும் முழங்கையால் தள்ளினாள்.

"ஒண்ணும் குடுக்கக் கூடாது. கையப் பிடிக்காதீங்க. நாப்பத்தி ஒண்ணு, நாப்பத்தி ரெண்டு. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். தள்ளுங்க டீச்சர், காத்து வரணும். நாப்பத்தி ஏழு…"

தங்கையைப் பக்கவாட்டில் திருப்பி, புத்தகப் பையைத் தலைக்கு வைத்து, கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். எண்ணிக்கொண்டே இருந்தாள். முந்நூறு தாண்டினால் ஆம்புலன்ஸ் என்று தென்காசி டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நூற்று முப்பத்தெட்டில் நின்றது. இருபது வரை மட்டுமே எண் தெரிந்த பிள்ளை.

நான் செய்தது: பட அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன். அட்டையில் யானை.

மாரி அரை மணி நேரம் தூங்கினாள். எழுந்து முட்டை கேட்டாள்.

மாலை த.ஆ. பேச்சியம்மாளுக்குப் போன் செய்தார். "நாளைக்கு வந்து ரெண்டு பேருக்கும் டி.சி. வாங்கிட்டுப் போயிருங்கம்மா." அவர் கொடியவர் அல்லர். முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு பிள்ளை சுவரிலிருந்து விழுந்து, மாதக்கணக்கில் விசாரணைக்கு அலைந்தவர்.

எனக்கு நேற்றே தெரியும் என்று சொன்னேன்.

"தெரிஞ்சிருந்துமா டீச்சர்?"

ஆம். தெரிந்திருந்தும்.

ஜூலை 18, வெள்ளி

மழை விட்டு விட்டு. எட்டரைக்குப் பேச்சியம்மாள், இரண்டு பிள்ளைகளுடன். லாட்ஜின் நீல மேலங்கியோடும் பினாயில் வாடையோடும். அழவில்லை, எனக்கு வசதியாயிற்று.

"மறச்சது தப்புதான் டீச்சர். சொல்லியிருந்தா சேத்திருப்பீங்களா?"

த.ஆ. பதிவேட்டை நேராக வைத்தார்.

"வீட்ல வெச்சுப் பூட்டிட்டா போவ முடியும்? மூத்தவ இருக்கான்னுதான் தைரியமா அனுப்புதேன்."

"மூத்தவளுக்கு எட்டு வயசும்மா," என்றார் த.ஆ. "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்ல? அவளா, நானா?"

நான் பொறுப்பேற்று எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"உங்க கையெழுத்து ஒரு மாசத்துக்குத்தான் டீச்சர் செல்லும்."

சரியான பதில். மறுக்க வழியில்லை.

முடிவு: டி.சி. திங்கள் வரை தள்ளிவைப்பு. அதற்குள் மருத்துவரின் கடிதம். 'பொறுப்பு யாருது' என்ற கேள்விக்கும் திங்களன்று விடை வேண்டும். பிள்ளைகள் இன்று வகுப்பில் இருக்கலாம்.

பிற்பகல் பாடம்: வலிப்பு. கரும்பலகையில் ஆறு வரிகள் எழுதினேன். 1. கத்தாதே. 2. பக்கவாட்டில் திருப்பு. 3. வாயிலும் கையிலும் எதையும் வைக்காதே. 4. சுற்றி நிற்காதே. 5. எண்ணு. 6. பெரியவரைக் கூப்பிடு. வாசிக்க இசக்கியை அழைத்தேன். எழுந்து தங்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாசித்தால் பழைய பாய்க்குத் திரும்ப முடியாது என்பது அவளுக்குத் தெரியும். வாசித்தாள். "ஏட்டி, இவ வாசிக்கா!" என்றது இரண்டாம் வகுப்பு.

பிறகு ஒத்திகை. வலிப்பு வருபவராக நடிக்கப் பதினேழு பேர் முன்வந்தனர். எண்ணுவதற்கு எவருமில்லை. வரிசை வைத்து மாற்றி மாற்றிச் செய்ய வைத்தேன். ஒன்றாம் வகுப்பில் மாரிக்குப் பக்கத்தில் உட்காரும் இருவருக்கும் தலையைப் பிடிக்கும் வேலை. மாரி தன் பாத்திரத்தைத் தானே நடிக்க மறுத்து, டாக்டராக இருப்பேன் என்றாள்.

வாசலில் நின்று கேட்ட முப்பிடாதி: "அப்போ எங்க மாமியாளுக்கு இத்தன வருசமா சும்மாவா டீச்சரம்மா இரும்பக் குடுத்தேன்?" ஆமாம் என்றேன். "போட்டும். எறிஞ்சு எறிஞ்சுதான் குடுத்தேன்," என்று திருப்தியாகப் போனாள்.

ஜூலை 19, சனி

விடுமுறை. வெயில் பத்து நிமிடம். வற்றலில் பூஞ்சை, பாதி எறிந்தேன்.

பேச்சியம்மாள் போன், மதியம். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாமல் கடிதம் தர மாட்டார்களாம், சீட்டைக் காணோமாம். பின்னணியில் இசக்கியின் குரல்: "எம்மா, அரிசிப் பானைக்கு அடியில வெச்சீல்லா." மாலை மீண்டும் போன். கடிதம் கிடைத்துவிட்டது. நன்றி சொல்ல ஆரம்பித்தாள், இணைப்பைத் துண்டித்தேன்.

திங்களன்று த.ஆ. மறுத்தால் என்னிடம் வேறு வாதம் இல்லை. இரண்டு முறை யோசித்தேன். இல்லை.

ஜூலை 21, திங்கள்

சாரல், காற்று. குடை மடங்கிவிட்டது.

த.ஆ. கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். பேச்சியம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னது நான். பொறுப்புக் கையெழுத்துக்கான தாளை என் பக்கம் தள்ளுவார் என எண்ணினேன். தள்ளவில்லை. மூடி கழற்றிய பேனாவுடன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒன்றுமில்லை, மழை.

"வெள்ளிக்கெழம நீங்க பாடம் நடத்துறப்ப வராண்டாவுல நின்னேன் டீச்சர்," என்றார். "அந்த ஆறு வரியையும் நானும் எழுதி வெச்சுக்கிட்டேன்."

பிறகு அவரே கையெழுத்திட்டார், தன் பெயரில், முத்திரையுடன். பேச்சியம்மாளிடம், "மருந்துப் பாட்டில் இனிமே என் மேசையில இருக்கும். மத்தியானம் நான் குடுப்பேன். மூத்தவ அவ பாட்டுக்குச் சோறு திங்கட்டும்," என்றார். என்னிடம், "ஒண்ணாம் வகுப்புப் பாய என் ரூம் வாசலுக்கு நேரா போடுங்க," என்றார். என் ஒழுங்கு முழுவதும் குலைந்தது. அலமாரி மறுபடியும் நகர்ந்தது.

நிலைப் பதிவேட்டில் திருத்தம்: இசக்கியம்மாள், மலர்.

மூன்றாம் பாடவேளை, தமிழ். இசக்கியை எழுந்து வாசிக்கச் சொன்னேன். ஒரு வரி வாசித்துத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வரி, மறுபடியும் திரும்பினாள். மூன்றாவது வரியில் அறையின் அந்தக் கோடியிலிருந்து மாரியின் குரல், பள்ளி முழுவதற்கும் கேட்கும்படி:

"எக்கா, என்னைய ஏன் பாத்துக்கிட்டே இருக்க? எனக்கு ஒண்ணும் வரல. புஸ்தகத்தப் பாத்து வாசி."

பாடவேளையில் கத்தினால் எழுந்து நிற்க வேண்டும் என்பது என் விதி. மாரியை எழுப்பி நிறுத்தவில்லை. இசக்கி பக்கத்தின் கடைசி வரை வாசித்தாள்.