எழில் சிரித்த இரண்டு ரிசார்ட்டுகள்

ஒரத்தநாடு,
வைகாசி கடைசி வாரம்.

அன்பு மகள் ஈஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே மெல்போர்னில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். போனிலேயே பேசியிருக்கலாமே, இந்தக் காலத்தில் இதென்ன கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மா மூக்கைச் சிந்துவாள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். எழுதினால் குறுக்கே பேச ஆள் இல்லை. முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. மேட்டூர் திறந்து தண்ணீர் நம் பக்கம் வந்து சேரும்வரை போர் மோட்டாரை நம்பித்தான் இருக்கிறேன், கரண்டு வேறு வருவதும் போவதுமாக உயிரை வாங்குகிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, நீ அனுப்பிய பட்டையை மாட்டிக்கொண்டு நடக்கிறாள், கேட்டால் தேவலை என்பாள், நம்பாதே. இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். நான் இப்போது உட்கார்ந்து எழுதுவது உன் தம்பி மகள் எழிலைப் பற்றி. ரெண்டு ரிசார்ட்டுக்கும் போயிட்டு வந்தீங்களே அப்பா, எங்க அவ சந்தோஷமா இருந்தா, பாத்தது பாத்தபடி சொல்லுங்க, தம்பியோட வக்கீல் கேக்குறாரு என்று போன வாரம் கேட்டாய் அல்லவா. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் தம்பி சதீஷ் சென்னை வேலையை விட மாட்டேன் என்கிறான், மருமகள் கயல்விழி கும்பகோணத்தில் டீச்சர் வேலையை விட மாட்டேன் என்கிறாள், யார் பக்கம் நியாயம் என்று பேசிப் பேசி நமக்கெல்லாம் வாய் வலித்ததுதான் மிச்சம். பிரிந்தே விட்டார்கள். இப்போது தாவா, பிள்ளை யாரிடம் வளர்வது என்பதில் வந்து நிற்கிறது. எட்டு வயதுப் பிள்ளை, அம்மாவிடம் இருக்கிறது, அப்பன் கேட்கிறான். கோடை லீவு வந்ததும் இரண்டு பேரும் அடித்துக்கொண்டபோது, முறை வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவன் நான்தான், உனக்கே தெரியும். நம் வாய்க்காலுக்கு இத்தனை வருஷம் முறை போட்டுக் கொடுத்தவன், மேல்மடைக்காரனையும் கடைமடைக்காரனையும் வெட்டுக்குத்து இல்லாமல் ஓட்டியவன், ஒரு பிள்ளைக்கு முறை போடத் தெரியாதா என்று நினைத்துவிட்டேன். லீவில் பாதி அப்பனுக்கு, பாதி அம்மாவுக்கு. வக்கீல்கள்கூட நல்ல ஏற்பாடு என்றார்கள். தண்ணீர் முறை வந்தால் ஒவ்வொருத்தனும் என்ன செய்வான் என்பது மட்டும் எனக்கு அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை. அடுத்த முறை எப்போது வருமோ என்ற பயத்தில் வரப்பு முட்டத் தேக்கிவைப்பான், உள்ளே பயிர் அழுகுகிறதா என்று குனிந்து பார்க்க மாட்டான். பிள்ளையையும் அப்படித்தான் செய்தார்கள்.

சதீஷ் முறை முதலில் வந்தது. சென்னைக்கு வெளியே, பெயர் என் வாயில் நுழையாத ஒரு ரிசார்ட், எங்களையும் கூட்டிப்போனான். இடம் பெரிதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏசி ரூம், கால் புதையும் மெத்தை, ஆனால் ஜன்னல் திறக்காது. உள்ளே நுழையும்போதே ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குக் கட்டுவதுபோல எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைச் சுற்றிவிட்டார்கள். தண்ணீரில் இறங்க வேட்டி கூடாதாம், நைலான் டிரவுசர் வாடகைக்குத் தருகிறார்கள், அதை மாட்டிக்கொண்டு உன் அப்பன் நின்ற கோலத்தைப் பார்த்து உன் அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். அவளுக்கும் ஒரு செட்டு கொடுத்தார்கள், சீ, கருமம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டில் எத்தனையோ வகை, சோறு மட்டும் விறைத்துக் கிடந்தது. அங்கே ஒரு சறுக்கு இருக்கிறது, மூன்று மாடி உயரம், இருட்டுக் குழாய்க்குள் சுழற்றிக்கொண்டு போய்க் கீழே தண்ணீரில் தள்ளுகிறது. உயரம் பார்க்கிற பலகையில் எழில் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் இருந்தாள். சதீஷ் அவள் காதோடு, நுனிக்கால்ல எக்கி நில்லும்மா என்றான், நின்றாள், விட்டுவிட்டார்கள். கீழே வந்து விழுந்தபோது பிள்ளை முகத்தில் ரத்தமே இல்லை, கண்ணை இறுக மூடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடந்தது. உன் தம்பி போனைப் பார்த்துவிட்டு, வீடியோ சரியா வரலடா செல்லம், முகமே தெரியல, இன்னொரு தடவை போயிட்டு வந்து கையத் தூக்கிச் சிரி என்றான். டேய் என்று நான் அதட்டுவதற்குள் அது படியேறிவிட்டது. இரண்டாவது தடவை கையைத் தூக்கிச் சிரித்தது. அப்பாகூட இருந்தா ரொம்ப ஜாலியா இருக்கு என்றும் சொன்னது. உனக்கு அனுப்பினானே, நீகூட ஹார்ட்டு போட்டாயே, அந்த வீடியோதான். அதை எடுத்து முடித்ததும் பிள்ளை உன் அம்மா மடியில் வந்து வாந்தி எடுத்தது. அப்பாகிட்ட சொல்லாதீங்க அப்பாயி, அப்பா பாவம் என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதாம். உன் தம்பி கெட்டவன் இல்லை ஈஸ்வரி. சாயங்காலம் அவளுக்குத் தலை துவட்டிவிட்டு, காதில் தண்ணீர் நிற்கிறதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவனும் அவன்தான். பிள்ளை இல்லாத வீட்டுக்குத் திரும்பிப்போகிற பயம் அவனை அப்படி ஆட்டுகிறது.

அடுத்தது கயல்விழி முறை. அவளே உன் அம்மாவுக்குப் போன் போட்டு, அத்தை, நீங்களும் மாமாவும் வாங்க, எழில் உங்கள விட்டு வரமாட்டேங்கிறா என்று கூப்பிட்டாள். உன் அம்மாவுக்குக் கொஞ்சம் தயக்கம்தான். சதீஷோ போயிட்டு வாங்க, அவ என்னென்ன பண்றான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க என்றான். பெற்ற அப்பனை வேவு பார்க்க அனுப்புகிறான், பார். திருச்சி தாண்டி ஹைவே ஓரத்தில் இருக்கிறது அது, அதற்கும் ரிசார்ட் என்றுதான் பெயர். பெரிய ராட்டினம் ரிப்பேர் என்று தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. வாசலில் சிமெண்டு டைனோசர் ஒன்று, வால் உடைந்து கம்பி தெரிகிறது. குளத்தில் மருந்து வாடை கண்ணைக் கரித்தது. ஆனால் சாம்பார் சாதம் சூடாகப் போட்டார்கள், ஜன்னல் திறந்தது, வேப்பங்காற்று வந்தது, அங்கே எனக்குத் தூக்கமும் வந்தது. பிள்ளையை எதிலும் ஏறு என்று யாரும் வற்புறுத்தவில்லை. சரி, இங்காவது அது பிள்ளையாக இருக்கும் என்று நான் மூச்சு விட்டேன். மறுநாள் காலையில் இட்லி ஊட்டும்போது கயல்விழியும் போனைத் தூக்கினாள். அம்மா கையால சாப்பிட்டாதான் பிடிக்கும்னு சொல்லும்மா என்றாள். சென்னையில் பார்த்தேனே, அதே சிரிப்பு, தலையை அதேபோல ஒரு பக்கம் சாய்த்து, அம்மா கையால சாப்பிட்டாதான் எனக்குப் பிடிக்கும் என்றது. போன் கீழே இறங்கியதும் மெல்லுவதை நிறுத்திவிட்டு வாயில் இட்லியோடு அப்படியே உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு மத்தியானம் எழில் அந்த டைனோசர் நிழலில் தனியாக உட்கார்ந்து ஒரு நாய்க்குட்டியோடு என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். ரிசார்ட்டுக்குள் எப்படியோ நுழைந்துவிட்ட தெரு நாய்க்குட்டி. அது இவள் பாவாடையைக் கடித்து இழுக்க, இவள் ச்சீ, விடு கழுதை என்று திட்ட, முகம் அத்தனை அழகாக இருந்தது. அட, இதை ஈஸ்வரிக்கு அனுப்புவோம் என்று நான் என் போனை எடுத்தேன். எனக்கு ஒழுங்காகப் படம் எடுக்கக்கூடத் தெரியாது. நான் போனைத் தூக்கியது கண்ணில் பட்டதும் நாய்க்குட்டியை விட்டுவிட்டு எழுந்து நின்றாள், முன்முடியை ஒதுக்கிக்கொண்டாள், அந்தச் சிரிப்பைக் கொண்டுவந்தாள். தாத்தாகூட இருந்தா நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன் என்றாள். அப்படியே என் பக்கத்தில் வந்து, இது யாருக்குக் காட்டுறதுக்குத் தாத்தா, அப்பாவுக்கா அம்மாவுக்கா, தெரிஞ்சா அதுக்குத் தகுந்தாப்புல சொல்றேன் என்று கேட்டாள். ஈஸ்வரி, என் அப்பா செத்தபோதுகூட நான் நாலு பேர் பார்க்க அழுதவன் இல்லை. அங்கே வேட்டித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அதற்கும் அந்தப் பிள்ளை, நான் தப்பா சொல்லிட்டனா, வேற மாதிரி சொல்லவா என்கிறது.

அன்றே கயல்விழியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். மறுத்துப் பேசுவாள் என்றுதான் நினைத்தேன். நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அதத்தான் பண்ணிருக்கேனா மாமா, அவர் வீடியோ எடுத்து வக்கீலுக்கு அனுப்புறாரு, நான் ஒண்ணும் காட்டலேன்னா பிள்ளைய எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு பயந்துட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அங்கே இருந்தவரை அவள் போனைப் பைக்குள்ளிருந்து எடுக்கவில்லை, நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஊருக்கு வந்து சதீஷுக்கும் அதே சொல்லை ஒன்று கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவ பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பேச வச்சிருக்கா, நீங்களும் நம்பிட்டு வந்து நிக்கிறீங்க என்று என் மேலேயே பாய்ந்தான். மறுநாள் வாட்ஸப்பில் நான் கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று அனுப்பியிருந்தான். சென்னையில் பேத்தி குதூகலமாக இருந்தாள், திருச்சியில் வாடிப்போய்ச் சரியாகச் சாப்பிடவில்லை என்று நான் சொல்ல வேண்டுமாம். வாடியது உண்மை, சாப்பிடாததும் உண்மை. அதை அவள் அம்மாவின் குற்றமாகச் சொல்லச் சொல்வதுதான் பொய்.

நான் சொல்லமாட்டேன். ரிசார்ட்டு பெரிதா சிறிதா என்றால் சதீஷ் கூட்டிப்போனது பெரிதுதான், பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் அதற்கு வேலை இருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் வாய்தா இருக்கிறது. அன்றைக்குக் கூண்டில் ஏறி, இந்த வீடியோ எதையும் பார்க்காதீர்கள் ஐயா, இந்த முறை வைக்கிற ஏற்பாடும் வேண்டாம், பிள்ளை கும்பகோணத்தில் அம்மாவிடமே ஓரிடமாக இருக்கட்டும், பிள்ளை எங்களிடம் வரும்போது அப்பன் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லப்போகிறேன். மருமகள் நல்லவள், மகன் கெட்டவன் என்பதற்காக இல்லை. தப்பு என்று சொன்னதும் ஒருத்தி நிறுத்தினாள், ஒருத்தன் நிறுத்தவில்லை, என் கணக்கு அவ்வளவுதான். இதைச் சதீஷிடம் சொன்னபோது அவன் சொன்ன பதிலை உனக்கு அவன் சொல்லியிருக்கமாட்டான். அப்படிப் போய் நின்னீங்கன்னா, நாளைக்கு உங்களுக்குக் கொள்ளி வைக்கக்கூட வரமாட்டேன் என்றான். உன் அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் வீம்பாக எழுத வரவில்லை ஈஸ்வரி. தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நாகூர் கந்தூரி காட்டிய பிள்ளை அவன். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்குத் தாங்கவில்லை, தூக்கம் போய்விட்டது. இருந்தாலும் நான் மாறப்போவதில்லை.

ஏன் என்றால், எழில் இப்போது இங்கேதான் இருக்கிறாள், பள்ளிக்கூடம் திறக்கும்வரை எங்களோடு விட்டிருக்கிறார்கள். நேற்றுக் காலை நாற்றங்காலுக்குக் கூடவே வந்தவள், ஜட்ஜு என்னைக் கேட்டா நான் என்ன தாத்தா சொல்லணும் என்றாள். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்டா, தாத்தா சொல்லிக்கிறேன் என்றேன். அப்பா உங்ககூடப் பேசமாட்டாங்களே தாத்தா என்றாள். வீட்டில் நடந்தது அத்தனையும் அதன் காதில் விழுந்திருக்கிறது. பேசாட்டிப் போறான் என்றேன், என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. அப்ப நீங்க சொல்லாதீங்க தாத்தா, நானே சொல்லிடுறேன், நான் யாரைச் சொன்னாலும் எங்கிட்ட யாரும் பேசாம இருக்க மாட்டாங்க, எனக்குச் சிரிக்கத் தெரியும்ல என்றாள். எட்டு வயது ஈஸ்வரி. பெரியவர்கள் நாம் ஆறு பேர் இருக்கிறோம், நம் சுமையைத் தூக்கிக்கொள்ள அது முன்னால் வந்து நிற்கிறது. இதற்குப் பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனா சொல்.

உன் தம்பிக்கு நீ என்றால் உயிர், நீ சொன்னால் கேட்பான். அவனுக்காக என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, பிள்ளைக்காக அவனிடம் பேசு. கோபமாக இல்லாமல், அவன் அழுதால் அழவிட்டுப் பேசு. அங்கே தனியாகத்தான் கிடக்கிறான், சாப்பிட்டானா என்றும் கேள். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கும் இந்தக் கேள்வி வரவே கூடாது, நம் குலசாமி துணையிருக்கும். அம்மா உன் பிள்ளைகளுக்கு முத்தம் கொடுக்கச் சொல்கிறாள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எழிலிடமும் பேசு, ஆனால் வீடியோவில் கூப்பிடாதே. சும்மா குரலில் பேசு. அந்தப் பிள்ளை சிரிக்காமல் பேசிப் பழகட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
துரைராசு.