பதினொரு முதுகுகள்

மார்ச் 4
அவருடைய மாடி அறையை இன்றுதான் திறந்தோம். அவர் போய் ஐந்து மாதமாகிறது. நாற்பது வருடம் காலண்டருக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் அரைகுறை ஆடைப் பெண்களை வரைந்த மனிதர். அந்தப் படங்களை எதிர்பார்த்தே மகளும் நானும் போனோம். அலமாரிக்குப் பின்னால் வேறு பதினொன்று இருந்தன. ஓய்வுக்குப் பிறகு வரைந்தவை. எல்லாவற்றிலும் ஒரே கிழவி. வெற்று முதுகு, அவிழ்ந்த நரைமுடி. முகம் எதிலும் இல்லை.

"யாரும்மா இவ?"

தெரியாது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 5
முழங்கால் வலி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 7
மகள் முடிவே கட்டிவிட்டாள். "எழுபது வயசுல சின்ன வீடு! பூனை மாதிரி இருந்துட்டு என்ன வேலை பாத்திருக்கார்!" நாத்தனாருக்கும் சொல்லிவிட்டாள். அவள் போனில் அழுதாள்: "அண்ணி, எங்கண்ணன் இப்படிப் பண்ணுவாருன்னு கனவுலகூட நெனைக்கல." மூக்கைச் சிந்திவிட்டு, "ஆளு யாருன்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

நான்தான். இதை இங்கே எழுதவே மூன்று நாளாயிற்று.

துணியில்லாமல் நின்றவள் என்று தெரிவதைவிட ஏமாந்த மனைவி என்ற பெயர் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். செத்தவர் வந்து மறுக்கவா போகிறார்.

மார்ச் 9
காலண்டர் பெண்களுக்குக் காலை ஒரு சாண் நீட்டுவார், வயிற்று மடிப்பை அழிப்பார். கம்பெனி அப்படித்தான் கேட்கும். என்னில் எதையும் திருத்தவில்லை. சண்டையெல்லாம் முதுகுக்காகத்தான். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். கூன் போட்டால் ஸ்கேலால் அடி விழும். "நிமிராதடி, காலண்டர் மாதிரி ஆயிடுது. களைச்சிருந்தா களைச்ச மாதிரியே நில்லு" என்பார்.

அதற்கு முன் அப்படி எனக்கு யாரும் அனுமதி தந்ததில்லை.

மார்ச் 12
காலண்டர் படங்களைக் கேட்டு ஓவியக் கண்காட்சிக்காரர் ஒருவர் வந்தார். பதினொன்றையும் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இவங்க யாருன்னு தெரிஞ்சா சம்மதம் வாங்கி இதையும் கண்காட்சியில வெச்சிடலாம்" என்றார்.

"அந்த மூதேவிக்கு மாலை மரியாதை வேறயா? நாளை மறுநாள் எல்லாத்துக்கும் வெள்ளையடிக்கப் போறேன்" என்றாள் மகள்.

மூதேவி. பெற்ற மகள் சொல்கிறாள். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

மார்ச் 14
பெயிண்ட் டப்பாவோடு வந்தாள். முதல் படத்தைத் தூக்கினாள்.

"கீழ வை."

பொத்தான்களைக் கழற்றி, உடையைத் தோளிலிருந்து இறக்கி, திரும்பி நின்றேன். இடது தோளுக்குக் கீழே கட்டி அறுத்த தழும்பு — படத்திலும் அதே இடத்தில். அவள் முகம் என்ன ஆயிற்றோ, நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா… கதவைத் தாழ் போட்டுக் குளின்னு உயிரை வாங்குவீங்களே!"

"இப்பவும் சொல்றேன். தாழ் போடணும்."

சிரித்தாள். பிறகு அழுதாள். "அப்பாவை என்னென்னமோ பேசிட்டேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சொல்லியிருக்கலாம். பத்து நாள் அவர் பெயர் சேற்றில் புரள, என் கௌரவத்தை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது — முதுகுக்காக அல்ல.

மார்ச் 15
சம்மதக் கடிதம் எழுதி அனுப்பினேன். நாத்தனாருக்கு நானே போன் செய்தேன். "ஐயோ அண்ணி" என்றதோடு போனை வைத்துவிட்டாள். அவளுக்கு அது அபூர்வம்.

மே 2
கண்காட்சிக்குத் தனியாகப் போனேன். மூன்றாவது படம் கோணலாகத் தொங்கியது, சரிசெய்யச் சொன்னேன். பெரிய படத்துக்கு எதிரே, பெஞ்சில் காய்கறிப் பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"பாவம், எவ்வளவு அசதியா இருக்காங்க பாருங்க" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

"ஆமா. அன்னைக்கு மூணு மணி நேரம் நிக்க வெச்சார்."

திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

உட்கார்ந்தேன்.