நான் பார்க்காத கோல்

ஆவணி 15, ஞாயிறு.

இன்று ரெட்டிபாளையத்தில் எங்கள் சுண்ணாம்புச் சுரங்கத் தொழிலாளர் கால்பந்து டீமின் பழைய ரசிகர்கள் கூடினோம். கோப்பை ஜெயித்த ஆட்டத்தில் பார்த்ததை ஆளுக்கு ஒரு பக்கம் எழுத நோட்டு வைத்திருந்தார்கள். அன்று கலியபெருமாள் அடித்த கோலை நாற்பது வருடமாக டீக்கடையில் சொல்லி வருபவன் நான்தான். இந்த வருடம்தான் எழுதக் கற்றேன். பெருமையாகப் பேனாவை வாங்கினேன்.

வாயில் வந்தது கையில் வரவில்லை. அந்தக் கோலை நான் பார்க்கவே இல்லை. ஆட்டத்துக்காக லீவு போட்டிருந்தேன். ஆனாலும் ஆட்டத்தின் நடுவில் சிமெண்ட் ஆலைச் சங்கு ஊதியதும் பழக்கத்தில் எழுந்து ஷிப்டுக்கு ஓடிவிட்டேன். லீவு என்று ஆலை வாசலில் நினைவு வந்தது. அப்போதுதான் மைதானத்தில் சத்தம் எழுந்தது.

அதையே எழுதினேன். இனி யாரும் என்னிடம் அந்தக் கதையைக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே நோட்டை நீட்டினேன்.

பக்கத்தில் இருந்த அந்தோணி வாங்கி உரக்கப் படித்தான். "அடப்பாவி, இந்தக் கதைக்கு எத்தன டீ வாங்கிக் குடிச்சிருக்க!" என்றான்.

அங்கே வந்திருந்த கலியபெருமாள் என் தோளைப் பிடித்தான். "அவன வுடுங்கடா. பந்து என் முட்டியில பட்டுத்தான் உள்ள போச்சு. இவன் இடது காலால அடிச்சேன்னு சொன்னான். கேக்க நல்லா இருந்துச்சு, நானும் வுட்டுட்டேன். எந்திரிச்சு சொல்லுடா, இடது காலாலயே சொல்லு."

அவன் நன்றாக இருக்கட்டும். எழுந்து நின்று சொன்னேன். கதையில் பந்து வலைக்குள் போனதும் கலியபெருமாள்தான் முதலில் கத்தினான்.