துளையில் ஏறும் உப்பு

பங்குனி 9, செவ்வாய்.

பெங்களூரிலிருந்து மகள் செல்வி பேசினாள். ரேடாரில் சிக்காத போர் விமானத்துக்கான பூச்சைச் சோதிப்பது அவள் வேலை. உப்புத் தண்ணீர் தெளித்த தகடெல்லாம் திருகாணித் துளையோரம் கொப்பளித்ததால், அவளை வேறு பிரிவுக்கு மாற்றப் பார்த்தார்கள்.

"மொதல்ல துளையப் போடு, அப்புறம் பூசு. துளைக்குள்ளயும் பூசு. உப்பு அங்கனதான் ஏறும்" என்று தை மாதமே சொன்னேன். "இது வாலிநோக்கம் உப்பளத்து மோட்டார் இல்லய்யா" என்று சிரித்தாள். அந்த மோட்டார்களை நாற்பது வருடம் கழற்றி மாட்டியவன் நான். அதன்பிறகு நானாகப் பேசவில்லை.

இன்று, "நீங்க சொன்ன மாதிரி பூசுன தகடு கொப்பளிக்கலய்யா. என்னைய மாத்தல" என்றாள்.

வயிற்றில் பால் வார்த்தாள். ஆனாலும், "காத்து இரையுது, கேக்கல. திரும்பச் சொல்லு" என்றேன்.

வேப்பிலைகூட அசையவில்லை. மூன்று முறை சொல்ல வைத்தேன்.