கம்பிக் கண்ணி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். கையில் ஒரு சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

போன வாரம் காட்டுக் குட்டையோரம் ஒரு சினைமான் கம்பிக் கண்ணியில் கழுத்து இறுகிச் செத்துக் கிடந்தது. கண்ணி வைத்தவன் அதைத் தூக்க வந்தபோது நானும் ஜீப் டிரைவர் அண்ணனும் மறைந்திருந்து பிடித்துக் கட்டினோம். எங்கள் வனத்துறை அதிகாரி வந்ததும் வராததுமாக, "பெரிய இடத்து மாப்பிள்ளைம்மா, கட்டை அவுத்து விடு" என்றார். நான் கட்டைத் தொடவில்லை.

"நீங்களே அவுத்து விடுங்க சார், எனக்குக் கை வராது."

அவரே அவிழ்த்தார்! "பத்திரமா வீட்ல விட்டுட்டு வா" என்று ஜீப் டிரைவரிடம் வேறு சொன்னார். டிரைவர் அண்ணன் தலையாட்டிவிட்டு, அவனை நேராகக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார். மானை நான் முன்பே ஜீப்பின் பின்னால் ஏற்றியிருந்தேன்.

வழக்குப் பதிவாகிவிட்டது. டிரைவர் அண்ணனை எங்கோ தூக்கியடித்தார்கள். என்னைக் காட்டு வாசல் சோதனைக் கேட்டில் தனியாக நிறுத்திவிட்டார்கள். பழைய ரேடியோவை அனுப்புங்கள், ஏதாவது ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கும். உங்கள் சால்வையும் வேண்டும்.

அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டால் பழைய இடம் கிடைக்குமாம். அவர் தலைகீழாக நின்றாலும் நடக்காது. எல்லா வண்டியும் இந்தக் கேட்டைத் தாண்டித்தானே காட்டுக்குள் போக வேண்டும்? அந்த மாப்பிள்ளை ஜாமீனில் வந்து நின்றாலும் டிக்கியைத் திறக்கச் சொல்வேன்.

ஹாரன் அடிக்கிறார்கள். வருகிறேன் அப்பா.

உங்கள் மகள்